ஈஸ்ட்வுட்டின் வெஸ்டர்ன்களில் எது சிறந்தது: வாதத்தில் இறங்குமுன் எதை, எந்த வரிசையில் பார்ப்பது

கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் ரசிகர்களிடையே நெடுங்காலமாக ஓயாமல் நடந்துவரும் வாதம் ஒன்று உண்டு. அவருடைய வெஸ்டர்ன் படங்களில், நம் வழக்கில் சொன்னால் கௌபாய்ப் படங்களில், முதலிடம் எதற்கு என்பதே அது. ஒரு தரப்பார் 1966இல் வெளிவந்த ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’க்கு மேல் எதுவும் இல்லை என்பார்கள். மறுதரப்பார் 1992இல் அவரே இயக்கி நடித்த ‘அன்ஃபர்கிவன்’ படத்தை முன்னிறுத்துவார்கள். இவ்விரு பெருங்கட்சிகளுக்கும் நடுவே, எண்ணிக்கையில் குறைந்தாலும் பிடிவாதத்தில் குறையாத மூன்றாவது கூட்டம் ஒன்று ‘தி அவுட்லா ஜோசி வேல்ஸ்’ என்ற பெயரை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் இந்த வாதத்தைக் கேட்டுவிட்டு, எல்லோரும் இவ்வளவு புகழ்கிறார்களே என்று நேராக ‘அன்ஃபர்கிவன்’ படத்தைப் போட்டுப் பார்த்து, மெதுவாக நகரும் ஒரு நல்ல படம் என்ற அளவிலேயே எழுந்துபோய்விடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்களுடைய ரசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பார்த்த வரிசைதான் தவறு. அந்தப் படத்தின் கனம், அதற்கு முந்தைய படங்களில் எத்தனை சாவுகளை நாம் யோசிக்காமல் ரசித்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆகவே எதில் தொடங்குவது, எதைக் கவனிப்பது, பிறகு எப்படி வாதிடுவது என்பதை ஒழுங்காகச் சொல்லிவிட முயல்கிறேன். கதைகளைப் பற்றிப் பேசாமல் இதைச் செய்ய முடியாது என்றாலும் ‘அன்ஃபர்கிவன்’ படத்தின் முடிவை மட்டும் வெளியிடாமல் விட்டிருக்கிறேன்.

முதலில் பட்டியலைச் சுருக்குங்கள்

ஈஸ்ட்வுட் 1930 மே 31 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர். 1971இல் இயக்குநரானதிலிருந்து 2024இல் வந்த ‘ஜூரர் நம்பர் 2’ வரை ஏறத்தாழ 40 படங்களை இயக்கியிருக்கிறார். இத்தனையையும் ஒன்றாகக் கொட்டி வைத்துக்கொண்டு எது சிறந்தது என்று கேட்டால் எவராலும் பதில் சொல்ல முடியாது. ‘டர்ட்டி ஹாரி’, ‘மில்லியன் டாலர் பேபி’, ‘லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா’, ‘கிரான் டொரினோ’ ஆகியவை ஒவ்வொன்றும் தனி வாதத்துக்கு உரியவை. அவற்றை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

வெஸ்டர்ன் என்று மட்டும் எடுத்துக்கொண்டால், பாட்டும் கூத்துமாக அமைந்த ‘பெயிண்ட் யுவர் வேகன்’ உட்பட, அவர் முதன்மை வேடமேற்ற படங்கள் 11 தேறும். அவற்றில் அவரே இயக்கியவை நான்கு மட்டுமே: ‘ஹை ப்ளெயின்ஸ் ட்ரிஃப்டர்’ (1973), ‘தி அவுட்லா ஜோசி வேல்ஸ்’ (1976), ‘பேல் ரைடர்’ (1985), ‘அன்ஃபர்கிவன்’ (1992). வெஸ்டர்ன் என்றாலே நினைவுக்கு வரும் ஒரு மனிதர், இயக்குநராக அந்த வகையில் நான்கே நான்கு படங்களைத்தான் செய்திருக்கிறார் என்பது பலருக்கு வியப்பளிக்கும். இந்த நான்கையும் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனேயின் மூன்று படங்களையும் சேர்த்தால் ஏழு. புதியவருக்கு இந்த ஏழும் போதும். வாரம் ஒன்று என்று வைத்துக்கொண்டு, வெளியான ஆண்டு வரிசையிலேயே பாருங்கள். இரண்டு மூன்று படங்களை ஒரே நாளில் அடுக்கிப் பார்த்தால் முகங்களும் சலூன் எனப்படும் மதுக்கடைகளும் குழம்பிப்போய், பிற்பாடு எந்தக் காட்சி எந்தப் படத்தில் வந்தது என்றே சொல்ல முடியாது.

பார்க்கும்போது மனத்தில் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் சுடப்பட்டு விழுந்த பிறகு, படம் அவனோடு எவ்வளவு நேரம் நிற்கிறது, சுட்டவன் அதற்கு என்ன விலை கொடுக்கிறான் என்பதே அந்தக் கேள்வி. இதைக் கவனித்துக்கொண்டு வந்தால் ஈஸ்ட்வுட் என்ற கலைஞர் 28 ஆண்டுகளில் எங்கிருந்து எங்கு வந்து சேர்ந்தார் என்பது தானாகவே தெரிந்துவிடும். வாதத்துக்கு வேண்டிய சான்றுகளும் கைக்கு வந்துவிடும்.

லியோனேயின் மூன்று படங்கள்

1964இல் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ படத்துக்காக ஸ்பெயினுக்குப் போனபோது ஈஸ்ட்வுட் பெரிய நட்சத்திரம் அல்லர். ‘ராஹைட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் 1959 முதல் மாடு மேய்க்கும் கூட்டத்தின் நல்ல பிள்ளையாக நடித்துவந்தவர். இந்தப் படத்துக்கு அவர் பெற்ற ஊதியம் 15,000 டாலர். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘யோஜிம்போ’ படக்கதையை அனுமதியின்றி எடுத்தாண்டதால் வழக்கு எழுந்து, கடைசியில் வசூலில் 15 விழுக்காட்டைக் கொடுத்துச் சமரசமாக வேண்டியிருந்தது. நேரம் இருப்பவர்கள் ‘யோஜிம்போ’வை முன்னதாகப் பார்த்துக்கொள்வது நல்லது, ஒரே கதை இரண்டு கைகளில் எப்படி மாறுகிறது என்பதைப் பார்ப்பது பெரிய பாடம்.

இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பைச் சொல்லிவிட வேண்டும். லியோனேயின் படங்களில் நடிகர்கள் அவரவர் மொழியில் பேசி நடிக்க, குரல் எல்லாமே பிறகுதான் சேர்க்கப்பட்டது. உதட்டசைவும் பேச்சும் பல இடங்களில் பொருந்தாது. பிரதி கெட்டுவிட்டதோ என்று எண்ணி நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கால இத்தாலியப் படங்களின் இயல்பே அது. அரை மணி நேரத்தில் கண் பழகிவிடும். ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்துப் பாருங்கள், ஏனென்றால் என்னியோ மோரிகோனேயின் இசைதான் இப்படங்களில் பாதிக் கதையைச் சொல்கிறது.

முதற்படத்தின் தொடக்கத்தில் நாயகன் சண்டைக்குப் போகும் வழியில் சவப்பெட்டி செய்பவரிடம் மூன்று பெட்டிகள் தயார் செய்யச் சொல்லிவிட்டுப் போகிறான். திரும்பி வரும்போது நான்கு என்று திருத்துகிறான். நாம் சிரிக்கிறோம். செத்தவர்களின் முகம்கூட நினைவில் நிற்பதில்லை. 1965இல் வந்த ‘ஃபார் எ ஃபியூ டாலர்ஸ் மோர்’ படத்தின் இறுதியில், தலைக்கு விலை வைக்கப்பட்டவர்களின் பிணங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டே ஒவ்வொருவனுக்கும் கிடைக்கப்போகும் தொகையைக் கூட்டிப் பார்க்கிறான் நாயகன், கூட்டுத்தொகை இடிக்கிறது, ஒருவன் இன்னும் சாகவில்லை என்று அதிலிருந்து தெரிந்துகொள்கிறான். சாவு வெறும் கணக்காகிவிட்ட இந்த இரண்டு காட்சிகளையும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் சிரித்தோம் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். 1992ஆம் ஆண்டுப் படத்துக்குப் போகும்போது இவை தேவைப்படும்.

இரண்டாவது படம் மூன்றிலும் சிறந்தது என்று சொல்லும் ரசிகர்கள் கணிசமாக உண்டு. லீ வான் கிளீஃப் ஏற்ற கர்னல் மார்ட்டிமர் பாத்திரத்துக்குப் பழிவாங்கும் காரணமும் துயரமும் இருப்பதும், இசைக்கும் சட்டைப்பைக் கடிகாரம் ஒன்றை வைத்தே இறுதிச் சண்டை நடத்தப்படுவதும் அவர்களுடைய வலுவான சான்றுகள். இந்தக் கட்சியை எளிதாக ஒதுக்கிவிடாதீர்கள்.

இனி ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’. பார்க்குமுன் எந்தப் பிரதி என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். உலகெங்கும் ஆங்கிலத்தில் திரையிடப்பட்ட வடிவம் 161 நிமிடம் ஓடும். 2003இல் வந்த நீட்டிக்கப்பட்ட வடிவம் 179 நிமிடம். அதில் சேர்க்கப்பட்ட காட்சிகளுக்கு ஆங்கிலக் குரல் முன்பு பதிவு செய்யப்படாததால், ஈஸ்ட்வுட்டும் ஈலை வாலக்கும் முதுமையில் மறுபடி குரல் கொடுத்தார்கள். வான் கிளீஃப் 1989இல் காலமாகிவிட்டதால் அவருக்கு வேறொருவர் பேசினார். முப்பத்தைந்து வயது முகத்திலிருந்து எழுபது வயதுக் குரல் வருவதை முதல்முறை பார்ப்பவர் உணராமல் இருக்க முடியாது. எனவே முதலில் 161 நிமிட வடிவத்தையே பாருங்கள். படம் பிடித்துப்போனால் நீண்ட வடிவத்துக்குப் பிறகு வரலாம்.

கதை அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே நடக்கிறது. மூன்று பேர் ஒரு கல்லறையில் புதைக்கப்பட்ட 2,00,000 டாலர் தங்கத்தைத் தேடுகிறார்கள். இறுதிக் காட்சி நடக்கும் சேட் ஹில் கல்லறைத் தோட்டம் ஸ்பெயினின் புர்கோஸ் மாநிலத்தில் ஸ்பானிய ராணுவ வீரர்களைக் கொண்டு அமைக்கப்பட்டது. படப்பிடிப்புக்குப் பிறகு மண் மூடிக் கிடந்த அந்த இடத்தை 2015 முதல் ரசிகர்களே மண்வெட்டியோடு போய்த் தோண்டி மீட்டெடுத்தார்கள். ஒரு படத்தின் மீது மக்கள் வைக்கும் அன்புக்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன்.

புதியவர்கள் பலர் கவனிக்கத் தவறுவது, போர்க்களத்தில் இறந்துகொண்டிருக்கும் ஓர் இளம் வீரனோடு ஈஸ்ட்வுட்டின் பாத்திரம் நிற்கும் சில நொடிகள். தன் மேலங்கியை அவன்மீது போர்த்தி, தன் சுருட்டை அவனுக்குப் புகைக்கக் கொடுக்கிறான். அந்த இடத்திலிருந்து எடுத்துக்கொள்வதுதான் பொன்சோ என்ற அந்தப் புகழ்பெற்ற போர்வை அங்கி. மூன்று படங்களிலும் வருவது ஒரே மனிதன் என்று கொண்டால், கடைசியாக எடுத்த இந்தப் படமே காலத்தால் முந்தியது என்று ரசிகர்கள் சிலர் வாதிடுவதற்கு இந்தப் பொன்சோவே ஆதாரம். ஆனால் படங்களில் அவனுக்கு ஜோ, மான்கோ, பிளாண்டி என்று வெவ்வேறு அழைப்புப் பெயர்கள் உள்ளன; ‘பெயரில்லா மனிதன்’ என்பது 1967இல் அமெரிக்க வெளியீட்டின்போது விளம்பரத்துக்காகச் சூட்டப்பட்டது. இதை எந்தப் பக்கமும் நின்று வாதிடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: சவப்பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்த படவரிசையில், முகம் தெரிந்த ஒரு சாவு முதன்முதலாக வந்தது அந்தப் போர்க்களத்தில்தான்.

தமிழ் வாசகருக்கு இந்த இத்தாலிய மேற்குலகம் அப்படி ஒன்றும் அந்நியம் இல்லை. சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் நாம் படித்து வளர்ந்த டெக்ஸ் வில்லர், 1948இல் இத்தாலியில் பிறந்தவர்தான். அமெரிக்க மேற்கைத் தொலைவிலிருந்து கனவு கண்டவர்களின் கற்பனை அது. லியோனேயின் படங்களையும் அந்தக் கண்ணோடு பார்த்தால், அமெரிக்க வரலாற்றுப் பிழைகளைத் தேடிக்கொண்டிருக்காமல் ரசிக்க முடியும்.

‘ஹை ப்ளெயின்ஸ் ட்ரிஃப்டர்’: எச்சரிக்கையோடு

ஈஸ்ட்வுட் இயக்கிய முதல் வெஸ்டர்ன் இது. கலிஃபோர்னியாவின் மோனோ ஏரிக்கரையில் முழு ஊரையும் கட்டி எடுத்தார்கள். ஊரார் கண்முன்னே சாட்டையால் அடித்துக் கொல்லப்பட்ட ஒரு மார்ஷலின், அதாவது காவல் அதிகாரியின், ஊருக்கு, எங்கிருந்து வந்தான் என்று தெரியாத ஒருவன் வந்து, அந்த ஊரையே சிவப்புச் சாயம் பூசச் செய்து நரகம் என்று பெயர் மாற்றுகிறான். அவன் செத்தவனின் ஆவியா, உறவினனா என்பதைப் படம் திறந்தே விடுகிறது. கல்லறைக் காட்சியில் லியோனேயின் பெயரும் டான் சீகலின் பெயரும் கற்களில் பொறிக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். சீகல் அவரை ‘டர்ட்டி ஹாரி’யில் இயக்கியவர். இந்த இருவரும்தான் ஈஸ்ட்வுட்டின் ஆசிரியர்கள்.

படத்தின் தொடக்கத்திலேயே நாயகன் ஒரு பெண்ணை வல்லுறவு கொள்ளும் காட்சி இருக்கிறது. அதைப் படம் நடத்தும் விதத்தை நான் ஏற்கவில்லை. அன்றைய வழக்கம் அப்படி என்று சொல்லி நியாயப்படுத்தவும் மாட்டேன். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் எண்ணம் இருந்தால் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியம். வாதத்திலும் இந்தப் படத்தை முன்வைப்பவர் இந்தக் காட்சிக்குப் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். வேறொரு கோணத்திலிருந்தும் படத்துக்கு எதிர்ப்பு வந்தது: மேற்கில் குடியேறிய மக்கள் இப்படிப்பட்டவர்கள் அல்லர் என்று பழைய வெஸ்டர்ன்களின் பெருநட்சத்திரமான ஜான் வெயின் ஈஸ்ட்வுட்டுக்குக் கடிதமே எழுதினார். பழைய வெஸ்டர்னுக்கும் புதிய வெஸ்டர்னுக்கும் நடுவே விழுந்த பிளவு அந்த ஒரு கடிதத்தில் தெரிகிறது.

‘தி அவுட்லா ஜோசி வேல்ஸ்’: அவசரப்படாமல் பாருங்கள்

135 நிமிடம் ஓடும் இந்தப் படத்துக்கு ஓர் ஓய்வான மாலையை ஒதுக்குங்கள். மிசௌரி மாநிலத்து உழவன் ஒருவனின் மனைவியையும் மகனையும் உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பின் ரெட்லெக் கூட்டம் கொன்றுவிட, அவன் தெற்குத் தரப்பின் கொரில்லாப் படையோடு சேர்கிறான். போர் முடிந்ததும் சரணடையப் போன தோழர்கள் வஞ்சகமாகச் சுட்டுத்தள்ளப்படுகிறார்கள். அவன் டெக்சஸ் நோக்கி ஓடுகிறான். இதுவரை பழகிய கதைதான். இதன் பிறகு நடப்பதுதான் புதுமை. தனியாகவே இருக்க விரும்பும் அந்த மனிதனோடு வழியில் ஒவ்வொருவராக ஒட்டிக்கொள்கிறார்கள்: செரோக்கிப் பழங்குடி முதியவர் ஒருவர், பழங்குடிப் பெண் ஒருத்தி, கன்சாஸிலிருந்து வந்த ஒரு பாட்டி, அவருடைய பேத்தி, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நாய். குடும்பத்தை இழந்தவனுக்கு அவன் கேட்காமலேயே ஒரு குடும்பம் சேர்கிறது. செரோக்கி முதியவராக வரும் சீஃப் டான் ஜார்ஜ், கனடாவின் உண்மையான பழங்குடித் தலைவர்; படத்தின் நகைச்சுவையும் துயரமும் பெரும்பாலும் அவர் முகத்திலேயே இருக்கின்றன.

நம்முடைய கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். ஜோசி தான் கொன்றவர்கள்மீது புகையிலை எச்சிலைத் துப்புகிறான். லியோனேயின் கணக்குப் போடும் மனிதனுடைய எச்சம் அது. ஆனால் கூடவே வந்த இளைஞன் ஒருவன் காயத்தால் இறக்கும்போது படம் அவனோடு நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கொமாஞ்சிப் பழங்குடித் தலைவர் டென் பேர்ஸைத் தேடி ஜோசி தனியே குதிரையில் போகும் காட்சி இருக்கிறது. இத்தனை படங்களில் பழகிய நாம் துப்பாக்கிச் சத்தத்துக்காகக் காத்திருக்க, இரண்டு பேரும் பேசுகிறார்கள். இரு தரப்பும் ஒரே நிலத்தில் வாழலாம் என்று சொற்களால் உடன்படிக்கை செய்துகொள்கிறார்கள். ஈஸ்ட்வுட்டின் வெஸ்டர்ன்களிலேயே துணிச்சலான காட்சி எது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன்.

இந்தப் படத்தின் மீது வைக்கப்படும் மறுப்புகளும் எளிதானவை அல்ல. மூலநாவலை எழுதிய ஃபாரஸ்ட் கார்ட்டர் என்பவர் உண்மையில் ஏசா கார்ட்டர். அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸுக்கு உரை எழுதிக்கொடுத்த தீவிர நிறவெறியர். தெற்குத் தரப்பாரையே நாயகராகக் கொண்ட படம் அடிமைமுறையைப் பற்றி ஏறக்குறைய வாய் திறப்பதில்லை. படப்பிடிப்பு தொடங்கிய பிறகு இயக்குநர் ஃபிலிப் காஃப்மன் நீக்கப்பட்டு, ஈஸ்ட்வுட் பொறுப்பேற்றார். இதன் பின்னரே, ஒரு படத்தில் பணிபுரிபவர் அதன் இயக்குநரை அகற்றிவிட்டு அந்த இடத்தில் அமரக் கூடாது என்ற விதியை அமெரிக்க இயக்குநர் சங்கம் கொண்டுவந்தது. இவற்றையெல்லாம் அறிந்துகொண்டுதான் நான் இந்தப் படத்தை விரும்புகிறேன். நீங்களும் அறிந்த பின்னரே உங்கள் முடிவைச் சொல்லுங்கள்.

‘பேல் ரைடர்’ படத்தில் நெடுநேரம் தங்க வேண்டியதில்லை. ஏழைத் தங்கத் தேடிகளைச் சுரங்க முதலாளியிடமிருந்து காக்க வரும் போதகர் ஒருவரின் கதை. 1953இல் வந்த ‘ஷேன்’ படத்தின் சாயல் வெளிப்படையாகத் தெரியும். முதுகில் இருக்கும் குண்டுத் தழும்புகளைப் பார்த்தால் இவரும் செத்து மீண்டவரோ என்ற ஐயம் எழும். புரூஸ் சர்ட்டீஸின் ஒளிப்பதிவு வேண்டுமென்றே இருட்டாக அமைந்தது. பகலில் கைபேசித் திரையில் பார்த்தால் பாதிக் காட்சிகள் தெரியவே தெரியா. விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

‘அன்ஃபர்கிவன்’

இப்போது நீங்கள் தயார். டேவிட் வெப் பீப்பிள்ஸ் எழுதிய திரைக்கதையின் உரிமையை 1980களின் முற்பகுதியில் வாங்கிய ஈஸ்ட்வுட், வேடத்துக்கு ஏற்ற வயது தமக்கு வரட்டும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். கனடாவின் ஆல்பர்ட்டாவில் படமாக்கி, 62 வயதில் வெளியிட்டார். சிறந்த படம், இயக்கம், துணை நடிகர், படத்தொகுப்பு என நான்கு ஆஸ்கர்கள் கிடைத்தன. இறுதியில் வரும் காணிக்கை வரியில் செர்ஜியோ, டான் என்ற இரண்டு பெயர்களைப் படிக்கும்போது, கல்லறைக் கற்களில் கண்ட அதே பெயர்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வில்லியம் மன்னி ஒரு காலத்தில் பெண்களையும் குழந்தைகளையும்கூடக் கொன்றவன். மனைவியால் திருந்தி, அவள் இறந்த பின் கன்சாஸில் இரண்டு குழந்தைகளோடு பன்றி வளர்த்துக்கொண்டிருக்கிறான். வயோமிங்கின் பிக் விஸ்கி என்ற ஊரில் ஒரு விலைமகளின் முகத்தைக் கத்தியால் கிழித்தவர்களைக் கொன்றால் 1,000 டாலர் கிடைக்கும் என்ற செய்தி அவனைத் தேடி வருகிறது. தகர டப்பாவைக் கைத்துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடுகிறான். ஒரு குண்டும் படவில்லை. உள்ளே போய் இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்துவந்து அடித்து வீழ்த்துகிறான். குதிரையில் ஏறக்கூட அவனால் முடியவில்லை. லியோனேயின் மூன்று படங்களைப் பார்க்காமல் வந்தவருக்கு இது ஒரு கிழவனின் தடுமாற்றம் மட்டுமே. பார்த்துவிட்டு வந்தவருக்கோ, பெரிய கட்டடம் ஒன்றை அதைக் கட்டியவரே செங்கல் செங்கலாகப் பிரிப்பது கண்ணுக்குத் தெரியும்.

முதன்முதலாக ஒருவன் கொல்லப்படும் காட்சியில் நின்று நிதானியுங்கள். பாறைகளின் மறைவிலிருந்து மார்கன் ஃப்ரீமனின் பாத்திரமான நெட் குறிபார்க்கிறான். குதிரையை வீழ்த்தியவனால் மனிதனைச் சுட முடியவில்லை. மன்னி துப்பாக்கியை வாங்கிச் சுடுகிறான். வயிற்றில் குண்டு பாய்ந்த இளைஞன் உடனே சாகவில்லை. தண்ணீர் கேட்டு அழுகிறான். அவனைச் சுட்ட மன்னியே பொறுக்கமாட்டாமல், தண்ணீர் கொடுங்கள், சுடமாட்டோம் என்று அவனுடைய நண்பர்களைப் பார்த்துக் கத்துகிறான். மூன்று பெட்டி, நான்கு பெட்டி என்று சிரித்த நாம், ஒரே ஒரு சாவு முடிவதற்காக இவ்வளவு நேரம் காத்திருக்கிறோம். பின்னர், பலரைக் கொன்றதாகப் பெருமையடித்துக்கொண்டிருந்த கிட்டப்பார்வைக்கார இளைஞன், உண்மையாகவே ஒருவனைக் கொன்றுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து அழுகிறான். அங்கே மன்னி சொல்லும் இரண்டு மூன்று வரிகளை இங்கே எழுதிக் கெடுக்க மாட்டேன்.

ஜீன் ஹாக்மனின் ஷெரீஃப் லிட்டில் பில்லையும் கவனமாகப் பாருங்கள். ஊரில் ஆயுதம் கூடாது என்று சட்டம் போட்டு, சட்டத்தின் பெயரால் மனிதர்களை அடித்து நொறுக்குபவர். ஓய்வு நேரத்தில் தமக்கென்று வீடு கட்டுகிறார், கூரையோ ஒழுகுகிறது. துப்பாக்கி வீரர்களைப் பற்றிக் கதைப்புத்தகம் எழுதும் ஓர் எழுத்தாளர் அவரோடு ஒட்டிக்கொள்கிறார். உண்மையில் சண்டை எப்படி நடந்தது என்பதை ஷெரீஃப் அவருக்கு விளக்கும் சிறைக்கூடக் காட்சி, வெஸ்டர்ன் என்ற கலைவடிவத்தின் பொய்களைப் பற்றி அந்தக் கலைவடிவமே பேசும் இடம்.

இனி வாதத்துக்கு வரலாம்

பேச்சைத் தொடங்குமுன், நடிகர் ஈஸ்ட்வுட்டைப் பற்றிப் பேசுகிறோமா, இயக்குநர் ஈஸ்ட்வுட்டைப் பற்றியா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பாதிச் சண்டைகள் இந்தத் தெளிவு இல்லாததால் வருபவை. ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ லியோனேயின் படம்; அதில் அதிகம் பேசுவதும் நம்மை அதிகம் கவர்வதும் ஈலை வாலக்கின் டூக்கோ. இதை எடுத்துக்காட்டி அந்தப் படத்தை ஈஸ்ட்வுட் பட்டியலிலிருந்தே நீக்க முயல்பவர்கள் உண்டு. அதற்கு அந்தக் கட்சியினரின் நல்ல பதில், சும்மா நிற்பதையே நடிப்பாக்கிய அந்த அடக்கம் ஈஸ்ட்வுட்டின் சொந்தப் படைப்பு என்பது. முதற்படத்தின்போதே தம் வசனங்களைக் குறைக்கும்படி இயக்குநரிடம் கேட்டுக்கொண்டவர் அவர்.

விருதுகளைச் சான்றாகக் காட்டாதீர்கள். ‘ஜோசி வேல்ஸ்’ படத்துக்கு ஆஸ்கரில் கிடைத்தது ஜெர்ரி ஃபீல்டிங்கின் இசைக்கான ஒரு பரிந்துரை மட்டுமே. லியோனேயின் படத்துக்கு அதுவும் இல்லை. காட்சிகளைச் சான்றாகக் காட்டுங்கள். ‘அன்ஃபர்கிவன்’ ரசிகரிடம் கேட்க வேண்டிய கடினமான கேள்வி இது: கொலையின் விலையை இரண்டு மணி நேரம் உணர்த்திய படம், இறுதிச் சலூன் காட்சியில் பழைய வெஸ்டர்னின் அதே கிளர்ச்சியை நமக்குத் தருகிறதா இல்லையா? தருகிறது என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தக் கிளர்ச்சிக்காக நாம் கூச வேண்டும் என்பதையும் படம் அறிந்தே செய்கிறது என்று நினைக்கிறேன். இதை மறுப்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது.

தமிழிலும் இந்த வாதத்தின் எதிரொலி ஒன்று உண்டு. 2023இல் வந்த கார்த்திக் சுப்பராஜின் ‘ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்’ படத்தில் ஈஸ்ட்வுட்டை ஆராதிக்கும் ரவுடி ஒருவன் தானே கதாநாயகனாகும் படமொன்றை எடுக்க முனைகிறான். துப்பாக்கியின் அழகில் மயங்கியவன் அதன் விலையைக் கற்கும் பாதை அதிலும் இருப்பதால், ஏழு படங்களையும் முடித்த பின் அதை மறுபடி பார்ப்பது பயனுள்ளது.

என் வாக்கு எதற்கு என்று கேட்டால், ‘ஜோசி வேல்ஸ்’. ‘அன்ஃபர்கிவன்’ அதைவிடச் செறிவாக எழுதப்பட்ட படம் என்பதையும், ஒவ்வொரு காட்சியும் மற்றொன்றுக்குப் பதில் சொல்லும் அதன் கட்டமைப்பு ஈடற்றது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் மன்னிக்குத் துப்பாக்கியைத் தவிர வேறு வழி எதையும் அந்தப் படம் காட்டவில்லை. ஜோசிக்குப் பேச்சு ஒரு வழியாகக் கிடைக்கிறது. அதை ஒரு வெஸ்டர்னில் பார்வையாளர் நம்பும்படி செய்வது கொலையின் கொடுமையைக் காட்டுவதைவிடக் கடினம் என்பது என் கட்சி.

ஏழையும் முடித்தவர்கள் விடுபட்டவற்றுக்குத் திரும்பலாம். ‘ஹேங் எம் ஹை’ (1968) தவறாகத் தூக்கிலிடப்பட்டுப் பிழைத்தவனின் கதை, அமெரிக்கா திரும்பிய ஈஸ்ட்வுட்டின் முதல் வெஸ்டர்ன். முதலில் இதைப் பாருங்கள். ஷெர்லி மெக்லெயினோடு நடித்த ‘டூ மியூல்ஸ் ஃபார் சிஸ்டர் சாரா’ (1970) இலகுவான பொழுதுபோக்கு. ‘ஜோ கிட்’ (1972) எல்லாவற்றுக்கும் கடைசியில் இருக்கட்டும். தமது 90ஆம் வயதில் அவர் மீண்டும் குதிரையேறிய ‘க்ரை மாச்சோ’ (2021) வாதத்தில் இடம்பெறத் தக்க படம் அன்று என்றாலும், ஏழு படங்களில் அந்த மனிதரோடு பயணம் செய்தவர்கள் அதைத் தவறவிட வேண்டாம்.